ஆண்கள் கேட்காத பகுதி

— இல்ல தெக்லா, முதல்ல இந்த அலைவரிசையில ஆம்பளைங்க யாராவது இருக்காங்களான்னு கேளு. அப்புறந்தான் நான் வாயத் தொறப்பேன்.

— உச்சி வெயில்ல யாரு அண்ணி ரேடியோகிட்ட உக்காந்திருப்பா? எல்லாத் தீவும் பேசிக்கிறது சாயங்காலந்தானே. ஓவர்.

— நீ பெரிய தீவு யாப்ல, பள்ளிக்கூடத்து ஃபேனுக்கு அடியில உக்காந்து பேசுற. இங்க எந்தத் தீவுல எவன் பேட்டரி பாக்குறேன்னு சொல்லிக்கிட்டு காதைத் தீட்டி வச்சிருக்கானோ. நான் பேசப்போறது உங்க அண்ணன் காதுல விழக்கூடாது. வேற எவளோட அண்ணன் காதுலயும் விழக்கூடாது.

— சரி சரி. இது யாப், பள்ளிக்கூட ரேடியோ. ஃபலாரிக் தீவோட பொம்பளைங்க பேச்சு நடக்கப்போகுது. கேட்டுக்கிட்டிருக்கிற ஆம்பளைங்க தயவுசெஞ்சு எந்திரிச்சுப் போங்க. ஓவர்.

— இது உலிதித் தீவு. இங்க யாரும் இல்லை. ஓவர்.

— யாரும் இல்லேன்னா இப்பப் பேசுனது யாரு, உன் பேயா? எந்திரிச்சுப் போய்யா.

— போயிட்டேன். ஓவர்.

— போயிட்டான் அண்ணி. பெட்டியை அணைச்ச சத்தம் கேட்டுச்சு. இப்ப சொல்லுங்க. அண்ணன் எங்க?

— யூசெபியோ துரையா? ஆம்பளைங்க வீட்டுல, சபையில. விடிஞ்சதுலேர்ந்து பேசுறாங்க. நாளன்னிக்கு எங்களை எல்லாம் யாப்புக்கு ஏத்திக்கிட்டுப் போகக் கப்பல் வருது. ஏறுறதா, வேண்டாமான்னு இன்னும் முடிவாகலை. முடிவாகாததுக்குக் காரணம் யாரு தெரியுமா? நீ.

— நான் என்ன பண்ணினேன்? யாப்ல உங்களுக்கெல்லாம் எடம் ஒதுக்கித் தரச்சொல்லி ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுக்கிட்டிருக்கேன். ஓவர்.

— முதல்ல அந்த ஓவரை விடு. ஒவ்வொரு தடவையும் என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுற மாதிரி இருக்கு. போன வியாழக்கிழமை ரேடியோவுல கதை படிச்சியே, அதுதான் இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம்.

— கதையா?

— கதைதான். கேளு. ரேடியோக் குடிசைக்குள்ள பெட்டிக்கிட்ட உங்க அண்ணன். அவரைச் சுத்தி நாங்க பொம்பளைங்க. வாசல் நெடுக ஆம்பளைங்க. நீ படிச்சுக்கிட்டே வர்றே. முந்நூறு வருஷத்துக்கு அப்பால ஒரு கப்பல், நட்சத்திரங்களுக்கு நடுவுல போகுது. அதுல தொட்டித் தொட்டியா ஈரப்பலா காய்ச்சுக் கிடக்குது. ஆம்பளைங்க வீடு தனி, பொம்பளைங்க வீடு தனி. கப்பல் தலைவி பாக்கை மென்னுக்கிட்டே சூரியனை ஓரங்கட்டிப் போறா. வாயில ஈ போறது தெரியாம எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்கோம். அப்ப நீ அந்தத் தலைவியோட வம்சத்து முதல் தாய் கதைக்குத் தாவினே. 'அந்த ராத்திரி புருஷன் பக்கத்துல பாயில படுத்துக்கிட்டு அவ சொன்னா'ன்னு ஒரு வார்த்தை. என் தலையெழுத்து, அவ்வளவுதான்.

— ஓடிட்டாங்களா?

— ஓடினாங்களாவா? ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து ஓடினாங்க. தங்கச்சி இல்லாத ஆம்பளை இந்தத் தீவுல யாரு இருக்கான்? அவங்க தங்கச்சிங்க எல்லாம் உள்ள எங்களோட உக்காந்திருக்கு. படுக்கை, பாயி, வயித்துப் புள்ளைன்னு கூடப்பொறந்தவ இருக்கிற எடத்துல எவன் காதுல வாங்குவான்? லதிஸ்லாவ் செருப்பை வாசல்லயே விட்டுட்டுப் போனான். இன்னும் வந்து கேக்கலை. கேட்டா எப்ப விட்டேன்னு சொல்லணுமே. எல்லாரையும் முந்தினது உங்க அண்ணன். படிக்கிறதே சொந்தத் தங்கச்சி. நாற்காலி ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம்.

— தப்பு என்னோடதுதான் அண்ணி. இங்கிலீஷ்ல இருக்கிறதை அப்படியே நம்ம பேச்சுல மாத்திக்கிட்டே படிக்கிறேன். அடுத்த பக்கத்துல என்ன வருதுன்னு முன்கூட்டிப் பாக்கலை. வாயில வந்ததும் எனக்கே முகம் சுட்டுச்சு. ஆனா நிறுத்த முடியலை.

— ஏன், யாப்ல இருந்து மரியாதை எல்லாம் மறந்துபோச்சா?

— மறக்கலை. கதை விடலை. உங்களுக்கு எப்படிச் சொல்றது? அந்தப் புத்தகப் பெட்டி வந்த அன்னிக்கு நீங்க இங்க இருந்திருக்கணும். எந்த ஊருப் புண்ணியவானோ பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் அனுப்பியிருந்தான். தொறந்தா எல்லாம் பனி. பனியில சறுக்கி விளையாடுறது எப்படி, பனிக்கரடி, கம்பளிச் சட்டை பின்னுறது. நம்ம பசங்களுக்குக் கம்பளிச் சட்டை. மூடி வைக்கப் போனேன். அடியில அட்டை கிழிஞ்சு ஒண்ணு. அட்டையில ஒரு படகு, நம்ம படகு மாதிரியே பக்கக்கட்டை வச்சது. ஆனா கீழ தண்ணி இல்ல. நட்சத்திரம். நின்னபடியே படிக்க ஆரம்பிச்சேன். எழுதினவங்க எல்லாரும் தீவுக்காரங்க அண்ணி. ஒருத்தி கரும்பு விளையுற தீவு, ஒருத்தன் எரிமலைத் தீவு, ஒருத்தி நம்மள மாதிரி பவளத்திட்டு. ஒரு கதையில புயலைப் பிடிச்சுக் கூண்டுல ஏத்தி ஊர்ப் பொம்பளைங்க குறுக்கு விசாரணை பண்ணுறாங்க. இன்னொண்ணுல வலை பின்னுற மெஷின் ஒண்ணு, யாராவது பாடினாத்தான் கடைசி முடிச்சைப் போடும். இன்னொண்ணுல தண்ணிக்கடியில போன தீவுல செத்தவங்க எல்லாரும் கூடி ஓட்டுப் போடுறாங்க. மணி அடிச்சதுகூடக் கேக்கலை, பசங்க வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டாங்க. இத்தனை வருஷமாப் பாடம் நடத்துறேன். வருங்காலம்னா கண்ணாடிக் கட்டிடம், அதுக்குள்ள வெள்ளைச் சட்டை போட்டவங்கன்னே நினைச்சிருந்தேன். அதுல நாம எங்கன்னு ஒரு நாள்கூட எனக்குக் கேக்கத் தோணலை.

— கேக்க என்ன இருக்கு? செத்துப் போயிருப்போம்னு நாமளே நினைச்சுப்போம்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— நான் சொல்லலை, நம்ம தீவுத் தலைவரே சொன்னாரு. கப்பல்ல துணி கட்டிப் படம் போடுவாங்கல்ல, அதுல எத்தனை தடவை வருங்காலத்தைக் காட்டியிருக்கான், ஒண்ணுலயாவது நம்ம ஆளு ஒருத்தன் மூலையில நின்னு பாக்கு மென்னு துப்பியிருக்கானான்னு கேட்டாரு. இப்பத்தான் அந்தப் பக்கமும் நமக்கு வீடு இருக்குன்னு தெரியுதுன்னாரு. சொல்லிட்டு அழுதாரு தெக்லா. புயல்ல வீடு போனப்பகூட அந்த மனுஷன் அழலை. இங்க புள்ளைங்க எல்லாம் கொட்டாங்கச்சியைக் காதுல வச்சுக்கிட்டு நட்சத்திரத்தைக் கூப்பிடுதுங்க. மீன் பிடிக்கப் போறவன் வானத்தைப் பாத்துக்கிட்டே போய்ப் பாறையில இடிக்கிறான். உன் கதை இந்தத் தீவையே பிடிச்சு ஆட்டுது.

— அப்ப நல்லதுதானே அண்ணி? இதுல என்ன வம்பு?

— சொல்றேன். ஓடிப்போன உங்க அண்ணன் அன்னிக்கு ராத்திரி ஆம்பளைங்க வீட்டுல கதை சொல்லணும்ல. தினமும் ரேடியோவுல வந்த சேதியைச் சொல்றது அவரு வேலை. விட்டுப்போன பகுதியில என்ன வந்துச்சுன்னு எல்லாரும் கேட்டிருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? சொல்லலை. தானே ஒண்ணைக் கட்டிவிட்டாரு.

— என்னன்னு?

— தண்ணி ஏறிச்சாம். நம்ம ஆளுங்க அசையலையாம். பவளக்கல்லை அடுக்கி அடுக்கித் தீவை ஒசத்துனாங்களாம். அப்பன் அடுக்குனான், மகன் அடுக்குனான், பேரன் அடுக்குனான். தீவு மேகத்துக்கு மேல போயிருச்சாம். ஒரு நாள் காத்து பிடிச்சு, வேரோட, மரத்தோட, கோழியோட அப்படியே கிளம்பிருச்சாம். அதுதான் அந்தக் கப்பலாம்.

— அண்ணனா? அண்ணனா இதைச் சொன்னாரு?

— ஏன் இப்படிக் குரல் போகுது உனக்கு?

— இல்ல அண்ணி. இந்தப் புத்தகத்துல போட்டிருந்தா இதுதான் முதல் கதையா இருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறியுது.

— எறியும் எறியும். எனக்கு வயிறு எரியுது. அது நல்லா இருக்கிறதுதான் வம்பே. ஆம்பளைங்க அத்தனை பேரும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. கதையில நம்ம ஆளுங்க தீவை விட்டுப் போகலை, அதனாலதான் முந்நூறு வருஷம் கழிச்சு இருக்காங்க, அதனால நாமளும் போகப்போறதில்லைன்னு சபையில ஒரே பேச்சு. நாங்க கேட்ட கதையில என்ன வந்துச்சு? அந்த முதல் தாய் பாயில படுத்துக்கிட்டுப் புருஷன்கிட்ட என்ன சொன்னா?

— 'சேம்பு அழுகுற மண்ணுல நான் பெத்துப் போடமாட்டேன், போவோம்'னு சொன்னா.

— போனாங்க. போனதாலதான் பொழைச்சாங்க. எங்களுக்குத் தெரியும். ஆனா எவ போய் எவன்கிட்ட சொல்றது? சபையில அத்தனை அண்ணன் தம்பியும் உக்காந்திருக்கான். அந்த வார்த்தை பாயில சொன்ன வார்த்தை. வயித்தைப் பத்தின வார்த்தை. பொண்டாட்டி புருஷன்கிட்டத் தனியாச் சொல்லலாம்தான். நானும் உங்க அண்ணன்கிட்டச் சொல்லப் பாத்தேன். 'அது என் தங்கச்சி படிச்சது, எனக்கு வேண்டாம்'னு காதைப் பொத்திக்கிட்டாரு. மத்தவனும் அப்படித்தான். அப்படியே ஒருத்தன் கேட்டாலும் அதைச் சபையில எப்படிச் சொல்லுவான்? அந்த மாதிரி வார்த்தையை அவன் கேட்டான்னு தெரிஞ்சா அப்புறம் அவனை யாரு பக்கத்துல உக்கார விடுவா? அவன் பேச்சை யாரு மதிப்பா?

— பாதிப் பேரு ஏறி, பாதிப் பேரு இருக்கக்கூடாதா?

— கவர்ன்மென்ட் ஆளு ஒரே பதில்தான் கேக்குறாரு. ஏறினா மொத்தத் தீவும் ஏறணும். இல்லேன்னா கப்பல் திரும்பிப் போயிரும், அடுத்தது எப்பன்னு சொல்லமாட்டாங்க. கிணத்துத் தண்ணி உப்பு. சேம்புக்குழியில கையை விட்டா கூழு மாதிரி வருது, நாத்தம். நேத்து என் குழியில நானே நின்னு அழுதேன். தெக்லா, இப்ப நான் ஒண்ணு சொல்றேன். உங்க அண்ணன் முன்னால நீ இதைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே.

— சொல்லுங்க.

— எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு.

— அண்ணி.

— அன்னிக்கு நீ அந்த வார்த்தையைப் படிச்சப்ப என் ரெண்டு கையும் தானா வயித்து மேல போச்சு. அந்த எழுதினவ என்னை எங்க பாத்தா? எந்தக் கடல்லயோ, எந்தத் தீவுலயோ உக்காந்திருக்கிறவ. என் மனசுல இருக்கிறதை, என் புருஷன்கிட்டக்கூடச் சொல்லாததை அவளுக்கு யாரு சொன்னது? பயமா இருந்துச்சு. ஆனா யாரோ இருட்டுல கையைப் பிடிச்ச மாதிரியும் இருந்துச்சு.

— எனக்கும் அதேதான் அண்ணி. படிக்கப் படிக்க யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரிதான் இருக்கு.

— அப்ப எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. இன்னிக்குச் சாயங்காலம் கடைசிப் பகுதி படிக்கப்போறே. நடுவுல ஒரு வரி சேர்த்துடு. 'தீவை விட்டுப் போனதாலதான் இவங்க பொழைச்சாங்க'ன்னு. பாயும் வேண்டாம், வயிறும் வேண்டாம். ஆம்பளைங்க கேக்கட்டும். முடிஞ்சுது வேலை.

— சேர்க்க முடியாது அண்ணி.

— ஏன் முடியாது? உங்க அண்ணன் ஒரு தீவையே வானத்துல ஏத்தினாரு. நீ ஒரு வரி சேர்க்கக்கூடாதா?

— அவரு ஆம்பளைங்க வீட்டுல கதை சொன்னாரு. நான் ரேடியோவுல படிக்கிறேன். ரேடியோவுல வர்றதை ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காமக் கொண்டு சேர்க்கணும்னுதானே நம்ம தீவெல்லாம் பேசி வச்சிருக்கு. இன்னிக்கு நான் கதையில ஒரு வரி சேர்த்தா, நாளைக்குப் புயல் வருதுன்னு சொல்றதை எவன் நம்புவான்? அதோட, சேர்க்கவே தேவையில்லை. அவங்க தீவை விட்டுப் போனாங்கன்னு கடைசிப் பகுதியிலயே தெளிவா இருக்கு. திரும்பி வர்றாங்க அண்ணி.

— திரும்பி வர்றாங்களா? தீவுக்கா? அப்புறம் என்ன, படி.

— அதான் பயமா இருக்கு. நீங்க பத்திரமா இங்க வந்து சேரணும்னு உங்களைவிட நான் அதிகமா வேண்டிக்கிறேன். அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டா நம்ம ஆளுங்க ஒருத்தரும் கப்பல்ல கால் வைக்கமாட்டாங்க. படிக்காம விடலாம். புத்தகம் அதோட முடிஞ்சுபோச்சுன்னு சொல்லலாம். அதுவும் பொய்தான்.

— அப்படி என்னதான் எழுதியிருக்கா அந்தப் பாவி? சொல்லு. இரு, இரு. உங்க அண்ணன் வர்றாரு. நான் போறேன். படிக்கிறதா வேண்டாமான்னு நீயே பாத்துக்கோ.

*

— யாப், யாப், ஃபலாரிக் கூப்பிடுது. சத்தம் தெளிவா இருக்குதுங்களா, தங்கச்சி? ஓவர்.

— தெளிவா இருக்கு அண்ணா. எல்லாரும் வந்துட்டாங்களா? ஓவர்.

— தலைவர், சபை ஆளுங்க, பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாரும் இருக்கோம். மத்தத் தீவுகளும் கேக்குதுங்க. ஒண்ணு கேட்டுக்கிறேன். இன்னிக்குப் படிக்கப்போறதை முன்னாடியே ஒரு தடவை பாத்துட்டீங்களா? ஓவர்.

— பாத்துட்டேன் அண்ணா. யாரும் எந்திரிச்சுப் போகவேண்டியது இல்லை. ஓவர்.

— சந்தோஷம். லதிஸ்லாவும் சந்தோஷம்னு சொல்லச் சொல்றான். படிங்க. ஓவர்.

— படிக்கிறேன். கப்பல் இறங்குது. இத்தனை காலமா இருட்டையே பாத்த கண்ணுங்க, கீழ நீலத்தைப் பாத்ததும் கூசிப்போகுது. எல்லாரும் கண்ணாடியில முகத்தை வச்சு அழுத்திக்கிட்டு நிக்கிறாங்க. பொறந்ததுலேர்ந்து அவங்க யாரும் கடலைப் பாத்ததில்லை. பாட்டுல மட்டும் கேட்டிருக்காங்க. ஒரு குழந்தை கேக்குது, இது யாரோட தண்ணின்னு. நம்மளோடதுன்னு தலைவி சொல்றா. அவங்க முன்னோருங்க புறப்பட்ட எடத்தைத் தேடுறாங்க. தீவு இல்லை. தண்ணி வத்துற நேரத்துல மட்டும் தலை காட்டுற ஒரு மணல் திட்டு. அவ்வளவுதான் மிச்சம். தலைவி மட்டும் இறங்குறா. கரையேறலை. தண்ணியும் மணலும் சேர்ற எடத்துல நிக்கிறா. ஏன்னா, வர்றவங்க கையில தீவுக்காரங்க ஒரு இளநீரைக் கொடுக்கணும். அதைக் குடிச்சுட்டுத்தான் கரையில கால் வைக்கணும். அவ வம்சத்துல ஒவ்வொருத்தியும் தன் மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கா. அவ நிக்கிறா. வெயில் ஏறுது. யாரும் வரலை. தண்ணி கணுக்காலுக்கு வருது, முழங்காலுக்கு வருது. மேலேர்ந்து கப்பல்காரங்க கூப்பிடுறாங்க. தாயே, அங்க யாரும் இல்லை, வந்துடுங்கன்னு. அவ திரும்பிப் பாக்கலை. 'கொடுக்காம எப்படிக் கரையேறுறது, குடிக்காம எப்படித் திரும்பிப் போறது'ன்னு கேக்குறா. தண்ணி இடுப்புக்கு வருது. அவ ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறா. கதை முடிஞ்சுது. ஓவர்.

— முடிஞ்சுதுங்களா? ஓவர்.

— முடிஞ்சுது அண்ணா. ஓவர்.

— கொஞ்சம் இருங்க. தலைவர் கையைக் காட்டுறாரு.

— இருக்கேன்.

— தலைவர் ஒண்ணு கேக்கச் சொல்றாரு. அந்த அம்மா இன்னும் அங்கதான் நிக்குதா? ஓவர்.

— புத்தகத்துல அதுக்கு மேல ஒண்ணும் இல்லை அண்ணா. ஓவர்.

— அப்ப நிக்குதுன்னுதான் அர்த்தம்னு சொல்றாரு.

— ஆமா. எனக்கும் அப்படித்தான் தோணுது.

— இன்னொரு கேள்வி, சபையிலேர்ந்து. தீவே கப்பலா மாறிப் போச்சுதே, பின்ன கீழ எதைத் தேடி வந்தாங்கன்னு கேக்குறாங்க. ஓவர்.

— அதுக்குப் பதில் போன வியாழக்கிழமை படிச்சதுல இருக்கு அண்ணா. ஓவர்.

— அந்தப் பகுதியைப் படிச்சப்ப ஆம்பளைங்க யாரும் இங்க இல்லைங்களே. ஓவர்.

— தெரியும். அதனால என்னால அதைத் திரும்பச் சொல்ல முடியாது. ஓவர்.

— புரியுது. நாங்களும் கேக்கலை. தலைவர் எந்திரிக்கிறாரு. சபை மறுபடி கூடுது. பெட்டியை உங்க அண்ணிகிட்டக் கொடுத்துட்டுப் போறேன். ஓவர்.

— கெட்டுது போ, தெக்லா. எல்லாம் கெட்டுது.

— அண்ணி, அழாதீங்க.

— நான் அழுறது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்க கெழவன்லேர்ந்து கைக்குழந்தை வரைக்கும் எல்லா முகமும் அடி வாங்கின மாதிரி இருக்கு. நம்ம கரைக்கு வந்தவளுக்கு ஒரு இளநீர் இல்லைன்னு ஆயிடுச்சே. இதைவிட அவமானம் இருக்கா? எதிரி வந்தாலும் கொடுத்துட்டுத்தானே அப்புறம் சண்டை போடுவோம். கையை நீட்டிக்கிட்டு நின்னாளாமே. போய் அவளைக் கூட்டிக்கிட்டு வரணும் போல இருக்கு.

— ஆம்பளைங்க என்ன சொல்றாங்க?

— போகும்போதே சொல்லிக்கிட்டுப் போறாங்க. அவ கையில கொடுக்க ஆள் இருந்தாகணும், அதனால ஒருத்தரும் ஏறக்கூடாதுன்னு. நீ பயந்தது அப்படியே நடந்துபோச்சு. பேசாம நீ பொய்யே சொல்லியிருக்கலாம். போ, என் தலையெழுத்து. நான் மூட்டையைப் பிரிச்சு வைக்கிறேன்.

*

— யாப், யாப், ஃபலாரிக் கூப்பிடுது. காலை வணக்கம் தங்கச்சி. ஓவர்.

— அண்ணா, விடியறதுக்கு முன்னாலேயே பெட்டிகிட்ட வந்து உக்காந்திருக்கேன். சொல்லுங்க. ஓவர்.

— சபையோட முடிவு. எழுதிக்குங்க. ஃபலாரிக் மொத்தமும் நாளைக்குக் கப்பல் ஏறுது. ஒருத்தரும் பின்தங்கலை. ஆபீஸ்ல சொல்லிடுங்க. ஓவர்.

— ஏறுறீங்களா? எல்லாருமா? அண்ணா, இன்னொரு தடவை சொல்லுங்க. ஓவர்.

— எல்லாரும் ஏறுறோம். ஓவர்.

— அண்ணி எங்க? அண்ணி குரலை ஒரு தடவை கேக்கணும். ஓவர்.

— கரையில இருக்கா. பொம்பளைங்க அத்தனை பேரும் அங்கதான். முளைவிட்ட தேங்காயை எல்லாம் பொறுக்கிட்டு வந்து, படகு இறங்குற எடம் நெடுக நடுறாங்க. அந்த அம்மா வந்து நிக்கும்போது மரம் தலைக்கு மேலயே இருக்கணும், கையை நீட்டினா எட்டணும்னு உங்க அண்ணி எல்லாரையும் விரட்டிக்கிட்டிருக்கா. ஓவர்.

— தென்னை முந்நூறு வருஷம் நிக்காதே அண்ணா. கரையே இருக்காதுன்னு கதையில சொல்லியிருக்காங்களே. ஓவர்.

— நிக்காது. அது எங்களுக்கும் தெரியும். ஒண்ணு சாயறதுக்குள்ள இன்னொண்ணை நடணும். எங்க மணல் இருக்குதோ அங்க நடணும். அதுக்கு வருஷா வருஷம் இங்க ஒரு படகு வந்து போகணும்னு கவர்ன்மென்ட்காரங்ககிட்ட சபை சார்பாக் கேளுங்க. கொடுக்கலேன்னா எங்க படகுலயே வருவோம்னும் சொல்லிடுங்க. ஓவர்.

— சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன். ஆனா அண்ணா, நேத்துச் சாயங்காலம் வரைக்கும் சபை போகமாட்டோம்னுதானே இருந்துச்சு? எப்படி மனசு மாறிச்சு? ஓவர்.

— சபையில நான் பேசினேன்.

— நீங்க பேசினா கேப்பாங்கதான். ஆனா என்ன சொன்னீங்க? கதையில அவங்க தானா விரும்பித்தான் போனாங்கன்னு, போனது புள்ளைங்களுக்காகத்தான்னு தெரியாம சபை மாறியிருக்காதே, அதை யாரு போய்ச் சொன்னது? ஓவர்.

— நான்தான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணி சொன்னாங்களா? ஓவர்.

— இல்லை. எனக்குத் தெரியும்ங்கிறதே அவளுக்கு நேத்துத்தான் தெரியும். சபையில எந்திரிச்சுச் சொன்னேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் தலைவர் ஏறுவோம்னாரு. இனிமே சபையில என் எடம் எனக்கு இல்லை, அது பரவாயில்லை. இந்தப் பெட்டியையும் இன்னிக்கோட வேற ஆளுகிட்டக் கொடுத்துடுறேன். ஆனா உங்ககிட்ட நானே சொல்லணும்.

— அண்ணா, எல்லாத் தீவும் கேட்டுக்கிட்டிருக்கு. அப்புறம் பேசிக்கலாம். ஓவர்.

— கேக்கட்டும். அன்னிக்கு நீங்க அந்த ராத்திரிப் பகுதியைப் படிச்சப்ப எல்லாரும் ஓடினாங்க. நானும் ஓடினேன் தங்கச்சி, குடிசையைத் தாண்டி நாலடி. அதுக்கு மேல கால் வரலை. சுவரோரமா நின்னு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேன். ஓவர்.